கேள்வியா, வாசிப்பா: ஆய்வில் எதை முதலில் பிடிப்பது?

ஆய்வுக்குள் காலெடுத்து வைக்கும் எவரும் முதல் மாதத்திலேயே இரண்டு கட்டளைகளைக் கேட்டுவிடுவார். "உன் கேள்வி என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல், பிறகு பேசலாம்" என்பார் ஒருவர். "கேள்வியெல்லாம் இருக்கட்டும், முதலில் போய்ப் படித்துவிட்டு வா" என்பார் இன்னொருவர். சில வேளைகளில் இருவரும் ஒரே நெறியாளராகவே இருப்பார். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை மற்றொன்று. கேள்வி இல்லாமல் எதைப் படிப்பது? படிக்காமல் எதைக் கேட்பது? பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. துறையைப் படித்துக்கொண்டே போய், கேள்வி தானாகத் திரளும்வரை காத்திருப்பது ஒன்று. கேள்வியை முதலில் எழுதிக்கொண்டு அதற்காக மட்டும் படிப்பது மற்றொன்று. இரண்டையும் சிறு தவணைகளில் மாற்றி மாற்றிச் செய்வது மூன்றாவது. மூன்றாவதே நல்லது என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நானும் கடைசியில் ஏறத்தாழ அங்கேதான் வந்து நிற்பேன். ஆனால் முதல் இரண்டும் எங்கே கைகொடுக்கின்றன, எங்கே காலை வாருகின்றன என்று தெரியாதவருக்கு அது வெறும் சமாதானப் பேச்சாகவே முடியும்.

படித்துவிட்டுக் கேட்பது

முன்னாய்வுகளைப் படிக்காமல் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவத்தில் கசப்பான சான்று உண்டு. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தைக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுமா என்று 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் நடந்தன. 1992இல் சிலர் அந்த முடிவுகளைக் கால வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 1973இலேயே, எட்டுச் சோதனைகளும் 2,432 நோயாளிகளும் சேர்ந்தபோதே, மருந்து பயன் தருகிறது என்ற விடை கிடைத்திருந்தது. அதன்பின் 25 சோதனைகளில் மேலும் 34,542 பேர் சேர்க்கப்பட்டார்கள். விடை நகரவில்லை. அவர்களில் ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. கூட்டிப் பார்க்கும் முறை அந்த நாளில் பரவலாக இல்லை என்பது உண்மை. ஆனால் முறை வந்த பின்னும் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. 2011இல் வெளியான ஒரு கணக்கின்படி, மருத்துவச் சோதனைக் கட்டுரைகள் தமக்கு முன் நடந்த, தாம் சுட்டியிருக்க வேண்டிய சோதனைகளில் கால் பங்கைக்கூடச் சுட்டவில்லை.

ஆகவே "படித்துவிட்டு வா" என்பவர் வீண் பேச்சுப் பேசவில்லை. விடை கிடைத்துவிட்ட கேள்வியை மறுபடி கேட்பது சில துறைகளில் நேர விரயம். சில துறைகளில் உயிர் விரயம்.

ஆனால் இந்த வழிக்கு இரண்டு நோய்கள் உண்டு. முதல் நோய் எனக்கே வந்தது. பதினொரு மாதம் படித்தேன். கணினியில் முந்நூற்றுச் சொச்சம் கட்டுரைகள்; கோப்புறைக்குள் கோப்புறை; வண்ண வண்ணக் குறியீடுகள். ஒவ்வொரு கட்டுரையும் ஐந்து கட்டுரைகளைக் கைகாட்டியது. கேள்வி மட்டும் வரவில்லை. படிப்பது வேலை செய்வதுபோலவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஏமாற்று. மாலையில் களைப்பாகவும் இருக்கும், மனநிறைவாகவும் இருக்கும், ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டோம். கேள்வி இல்லாதபோது எல்லாக் கட்டுரையும் முக்கியம்தான். எதையும் ஒதுக்க ஓர் அளவுகோல் இல்லை. அந்தக் கட்டுரைகளில் பாதியையாவது பிறகு பயன்படுத்தினேனா என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் நோய் நுட்பமானது. நிறையப் படித்தவர், படித்ததன் கைதியாகிவிடுவார். 1954இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் 1,180 பேரின் இரைப்பைத் திசுக்களைச் சோதித்து, அங்கே சுருள் பாக்டீரியா எதுவும் குடியிருக்கவில்லை என்று எழுதினார். எண்ணிக்கை பெரிது, முடிவு தெளிவு. அதைப் படித்த எவருக்கும் இரைப்பையில் பாக்டீரியா உண்டா என்று கேட்கவே கூச்சமாக இருந்திருக்கும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் திசு நோயியல் வல்லுநர் ராபின் வாரன் நுண்ணோக்கியில் அவற்றைக் கண்ணால் பார்த்தார். பின்னர் பாரி மார்ஷலும் சேர்ந்துகொண்டார். குடற்புண்ணுக்கும் இரைப்பை அழற்சிக்கும் அந்தப் பாக்டீரியாவே காரணம் என்று நிறுவியதற்காக 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். பழைய ஆய்வில் பிழை எங்கே? சாயத்தில். 1954இல் பயன்பட்ட வழக்கமான சாயத்தில் அந்த உயிரிகள் எளிதில் தென்படுவதில்லை. வாரன் பயன்படுத்திய வெள்ளிச் சாயத்தில் கரிய கோடுகளாகத் துலங்கின. முன்னாய்வின் முடிவை மட்டும் படித்தவருக்குக் கதவு சாத்தியிருந்தது. செய்முறையைப் படித்திருந்தால் தாழ் போடவில்லை என்று தெரிந்திருக்கும்.

கேட்டுவிட்டுப் படிப்பது

இங்கே ஆதாயம் கண்கூடு. "தூக்கம்" என்று தேடினால் மலைபோல் வந்து குவியும். "இரவில் கைபேசி பார்ப்பது பதின்வயதினரின் தூக்கத்தைக் குறைக்கிறதா?" என்று எழுதி வைத்துக்கொண்டு தேடினால் பெரும்பகுதியைத் தலைப்பைப் பார்த்தே தள்ளிவிடலாம். கேள்வி ஒரு சல்லடை. வாசிப்பு வேகம் பல மடங்கு கூடும்.

சமூகவியலில் இந்த வழிக்கு ஒரு தீவிர வடிவமும் உண்டு. 1967இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்த முறை, களத் தரவிலிருந்தே கோட்பாட்டை எழுப்ப வேண்டும் என்றது. தொடக்கத்தில் அந்தப் பொருள் பற்றிய முன்னாய்வுகளை ஒதுக்கி வையுங்கள் என்றும் சொன்னது. பிறர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு களத்துக்குப் போகாதே என்பது அதன் உட்பொருள். எண்ணம் அழகானது. ஆனால் ஆய்வு முன்மொழிவில் முன்னாய்வுகள் பகுதி கட்டாயம் என்று கேட்கும் குழுவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று தெரியும். அதோடு, மூளையைத் துடைத்துவிட்டுக் களத்துக்குப் போக யாராலும் முடியாது. படிக்காதவருக்கும் கண்ணாடி உண்டு. அது யார் செய்த கண்ணாடி என்பதுதான் அவருக்குத் தெரியாது.

கேள்வியை முதலில் வைப்பதன் உண்மையான ஆபத்து அதன்மேல் வரும் பாசம். நிலவியலாளர் சேம்பர்லின் 1890லேயே இதைச் சொன்னார்: ஒரே ஒரு விளக்கத்தை மட்டும் மனத்தில் வளர்ப்பவர், பெற்ற பிள்ளையைப்போல் அதற்குப் பரிந்து பேசத் தொடங்கிவிடுவார். அதன்பின் வாசிப்பு வாசிப்பாக இருக்காது, சாட்சி திரட்டலாக ஆகிவிடும். ஒத்துப் போகும் பத்துக் கட்டுரைகள் குறிப்பேட்டில் ஏறும். மறுக்கும் மூன்று கட்டுரைகள் "மாதிரி அளவு சிறிது" என்ற காரணத்தோடு கீழே போகும். ஒத்துப் போனவற்றின் மாதிரி அளவை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆறு வினாக்களில் ஒன்று

இந்த இடத்தில் பள்ளியில் படித்த இலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. வினா ஆறு வகை என்று மனப்பாடம் செய்திருப்போம்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. கடைசி மூன்றும் வாங்கவும் கொடுக்கவும் ஏவவும் பயன்படுபவை, அவற்றை விட்டுவிடலாம். முதல் மூன்றை வைத்துக்கொண்டு எந்த ஆய்வு முன்மொழிவையும் தரம் பிரித்துவிடலாம்.

தனக்கு விடை தெரிந்திருந்தும் கேட்பது அறிவினா. பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அது. "சமூக ஊடகங்கள் இளைஞர்களை எவ்வாறு சீரழிக்கின்றன?" என்று ஆய்வுத் தலைப்பு வைப்பவர் கேட்பதும் அதுவே. சீரழிக்கின்றன என்ற முடிவு கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கேள்வியை முதலில் எழுதுகிறவர்கள் அதிகம் விழும் குழி இது.

தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. நேர்மையான வினாதான். ஆனால் யாருக்குத் தெரியாதது? எனக்கா, உலகத்துக்கா? எனக்கு மட்டும் தெரியாதது என்றால் நூலகம் போதும், ஆய்வு வேண்டாம். உலகத்துக்கே தெரியாதது என்றாலும் உடனே மகிழ வேண்டியதில்லை. "இதை இதுவரை யாரும் ஆராயவில்லை" என்ற வரியை நான் படித்த முன்மொழிவுகளில் பத்தில் எட்டேனும் தாங்கி வந்திருக்கும். யாரும் ஆராயாததற்கு, ஆராயத் தகுதியில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா? சாண்ட்பெர்க், ஆல்வெசன் என்ற இருவர் 2011இல் இதையே குறையாகச் சொன்னார்கள்: ஆய்வாளர்கள் இடைவெளி தேடி அதை நிரப்புவதிலேயே நிற்கிறார்கள், எல்லோரும் ஒப்புக்கொண்டு நடக்கும் அனுமானங்களைக் கேள்வி கேட்பதில்லை.

எது என்று துணிய முடியாமல் இரண்டுக்கு நடுவே நின்று கேட்பது ஐயவினா. அங்கே கிடப்பது பாம்பா, கயிறா? நல்ல ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் இந்த வகை என்பது என் கட்சி. இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டுக்கும் ஆதரவு உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் முழு உண்மையாக இருக்க முடியாது. இன்ன சோதனையைச் செய்தால் ஒன்று விழும். விடை எப்படி வந்தாலும் அது செய்திதான். பாம்பு இல்லை என்று தெரிவதும் பயன்தானே.

ஐயவினாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. படிக்காதவரால் அதைக் கேட்க முடியாது. போட்டியிடும் இரண்டாவது விளக்கம் அவருக்குத் தெரியாது. கரைகாணப் படித்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவராலும் முடியாது. அவருக்கு ஐயமே இல்லை. போதுமான அளவு மட்டும் படித்து இரண்டு மனமாக நிற்பவரே கேட்க முடியும். மாற்றி மாற்றிச் செய்யும் வழியை நான் ஏன் விரும்புகிறேன் என்பதற்குக் காரணம் இதுதான்.

மாற்றி மாற்றிச் செய்வது

மேலே சொன்ன கைபேசிக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் எழுதியது: "இரவில் கைபேசி பார்ப்பது தூக்கத்தைக் குறைக்கிறதா?" இது பாதி அறிவினா, குறைக்கிறது என்று நமக்கு ஏற்கெனவே ஒரு நம்பிக்கை. பதினைந்து கட்டுரைகள், இரண்டு வாரம். சிலர் திரையின் ஒளியைக் குற்றம் சொல்கிறார்கள். சிலர் பார்க்கும் விஷயம் தரும் பரபரப்பைச் சொல்கிறார்கள். கேள்வி மாறுகிறது: "தூக்கத்தைக் கெடுப்பது ஒளியா, பார்க்கும் விஷயமா?" இன்னும் பத்துக் கட்டுரைகள். இப்போது ஒரு சங்கடம் தலைகாட்டுகிறது: பெரும்பாலானவை ஒரே நாளில் ஒரே கருத்துக்கணிப்பில் கைபேசிப் பழக்கத்தையும் தூக்கத்தையும் சேர்த்துக் கேட்டவை. எது முன், எது பின் என்று அவற்றால் சொல்ல முடியாது. மூன்றாம் வடிவம்: "கைபேசியை எடுப்பதால் தூக்கம் வராமல் போகிறதா, தூக்கம் வராததால் கைபேசியை எடுக்கிறார்களா?" இது அசல் ஐயவினா. எந்தத் தரவு வேண்டும் என்பதையும் இதுவே சொல்லிவிடுகிறது: ஒரே ஆட்களைப் பல இரவுகள் தொடர வேண்டும்.

கவனியுங்கள், மூன்றாம் வடிவத்தை முதல் நாள் உட்கார்ந்து யோசித்தும் எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றும். தோன்றட்டும். எழுதியிருக்க மாட்டோம்.

இந்த வழியின் குறை, இழுத்துக்கொண்டே போவது. ஒவ்வொரு தவணையிலும் கேள்வி மாறும். ஆறாவது தவணையில், அடியைப் பிடிடா பாரதபட்டா என்று முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும். நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் இரண்டு. ஒன்று, கேள்வியின் ஒவ்வொரு வடிவத்தையும் தேதி போட்டு எழுதி, ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி சேர்ப்பது. மற்றொன்று, தரவைத் தொட்ட நாளோடு மாற்றத்தை நிறுத்துவது. இரண்டாவது கறாரானது. வாசிப்பு காரணமாகக் கேள்வியை மாற்றுவது வளர்ச்சி. முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றி, அதைத்தான் ஆரம்பத்தில் இருந்தே கேட்டோம் என்று எழுதுவது வேறு. அம்பு குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது அது. உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998இல் இதற்கென்று ஒரு பெயரே வைத்துக் கண்டித்தார். முன்னாய்வுகளைத் தொகுத்து எடைபோடும் மீளாய்வுகளின் திட்டங்களை முன்கூட்டியே பொதுவில் பதிவு செய்ய 2011 முதல் பிராஸ்பெரோ என்ற பதிவேடு இருப்பதும் இந்தச் சலுகையைத் தடுக்கத்தான்.

எந்த மீளாய்வு?

முன்னாய்வுகளை மீளாய்வு செய்வதிலும் வகைகள் பல. 2009இல் இருவர் எண்ணிப் பார்த்துப் பதினான்கு என்றார்கள். தேர்வு என்று வந்தால் மூன்றுக்குள் அடங்கிவிடும்.

விவரிப்பு மீளாய்வு நமக்குப் பழக்கமானது: படித்ததைக் கருத்து வாரியாகக் கோத்து எழுதுவது. நெகிழ்வு அதிகம், வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் சலுகையும் அதிகம். பரப்பைக் காணும் மீளாய்வு, ஒரு துறையில் என்னென்ன ஆராயப்பட்டிருக்கிறது, எங்கே வெறுமை என்று வரைபடம் போடுவது. 2005இல் ஆர்க்ஸியும் ஓ'மாலியும் வகுத்த படிநிலைகள் இதற்கு அடிப்படை. முறைப்படியான மீளாய்வு, ஒரே குறுகிய கேள்விக்கு, முன்பே அறிவித்த விதிகளின்படி கிடைக்கும் எல்லா ஆய்வுகளையும் சலித்து விடை சொல்வது; அதன் அறிக்கையில் இருக்க வேண்டியவற்றைப் பிரிஸ்மா 2020 என்ற பட்டியல் 27 இனங்களாகச் சொல்கிறது.

முறைப்படியானது என்ற பெயரைக் கேட்டதும் பட்ட மாணவர்கள் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிராஸ்பெரோ பதிவேட்டில் இருந்த 195 முறைப்படியான மீளாய்வுகளைக் கணக்கிட்ட 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, பதிவு முதல் வெளியீடு வரை சராசரியாக 67 வாரங்கள் ஆயின என்கிறது. ஒவ்வொன்றிலும் சராசரியாக ஐந்து பேர் உழைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் தனி ஆளாக ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டியவர் இதில் இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முறைப்படியான மீளாய்வுக்குக் கேள்வி முன்பே உறைந்திருக்க வேண்டும். இன்னும் கேள்வியைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. அவருக்குப் பரப்பைக் காணும் மீளாய்வின் சுருங்கிய வடிவமே சரி: எத்தனை கட்டுரை, எந்த முறை, யார்மேல் நடந்தது, என்ன கண்டது என்று ஒரு அட்டவணை. அட்டவணையில் காலியாகத் தெரியும் கட்டங்களைவிட, ஒன்றுக்கொன்று முரண்படும் கட்டங்களின்மேல் கண் வையுங்கள்; ஐயவினா அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எப்படித் தேடுவது?

தேடுசொல்லைத் தட்டிப் பட்டியலை வாங்குவது ஒரு வழி. கிடைத்த ஒரு நல்ல கட்டுரையைப் பிடித்து, அது யாரைச் சுட்டியது, அதை யார் சுட்டினார்கள் என்று சங்கிலி பிடித்துப் போவது மற்றொரு வழி. பின்னோக்கிப் போவது எப்போதும் முடிந்தது. முன்னோக்கிப் போவதை எளிதாக்கியது 1964இல் யூஜின் கார்ஃபீல்ட் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை. இன்று கூகுள் ஸ்காலரில் ஒரு சொடுக்கு.

சங்கிலியைப் பலரும் குறைவாக எண்ணுகிறார்கள். சிக்கலான ஒரு பொருளை மீளாய்வு செய்த குழு ஒன்று தாங்கள் இறுதியில் பயன்படுத்திய 495 மூலங்கள் எப்படிக் கிடைத்தன என்று 2005இல் கணக்குச் சொன்னது. முன்பே வகுத்த தேடல் திட்டம் தந்தது 30 விழுக்காடு. சங்கிலி பிடித்து வந்தது 51 விழுக்காடு. சொந்த அறிமுகத்தாலும் நண்பர்கள் சொல்லியும் வந்தது 24 விழுக்காடு. ஒரே மூலம் இரு வழியிலும் கிடைத்தது உண்டு, அதனால் கூட்டினால் நூறைத் தாண்டும்.

ஆனால் சங்கிலி ஒரே கூட்டத்துக்குள்தான் சுற்றும். தகவலியல் அறிஞர் டான் ஸ்வான்சன் 1986இல் காட்டியது இதை. மீன் எண்ணெய் இரத்தத்தின் பாகுத்தன்மையைக் குறைக்கிறது என்று ஒரு கட்டுரைக் கூட்டம். ரேனாட் நோயாளிகளின் (குளிரில் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறையும் நோய் அது) இரத்தம் பாகுத்தன்மை கூடியது என்று வேறொரு கூட்டம். இரண்டும் ஒன்றையொன்று சுட்டியதே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்கு ஒரு புதிய கேள்வி ஆயத்தமாகக் காத்திருந்தது. சங்கிலியைப் பிடித்து ஆயுள் முழுதும் நடந்தாலும் முதல் கூட்டத்திலிருந்து இரண்டாவதற்கு வந்திருக்க முடியாது. "இரத்தப் பாகுத்தன்மை" என்று ஒரு தேடுசொல் போதும்.

தேடுசொல்லுக்கும் குருட்டு இடம் உண்டு. 2001இல் அமெரிக்காவில் ஆஸ்துமா பற்றிய ஒரு சோதனையில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற வேதிப்பொருளைச் சுவாசித்த நலமான தன்னார்வலர் ஒருவர் உயிரிழந்தார். அது நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களில் கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் தேடிய தரவுத்தளத்திலோ அப்போது 1966 முதலான கட்டுரைகளே இருந்தன. தேடல் "ஒன்றும் இல்லை" என்று சொன்னால், எங்கே, எந்த ஆண்டுக்குப் பிறகு, எந்த மொழியில் ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் முன்னாய்வுப் பட்டியல் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியர் பெயரைப் போட்டு அழகாகத் தருவதுண்டு. தேடுசொற்களை யோசிக்கக் கேளுங்கள், நன்றாகவே சொல்கின்றன. பட்டியலைக் கேட்டால் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

யார் எதை எடுப்பது

ஓராண்டுக்குள் முடிக்க வேண்டிய பட்ட ஆய்வு என்றால் கேள்வியை முதலில் எழுதுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டே தவணை மாற்றத்துக்கு இடம் கொடுங்கள். முனைவர் பட்டத்துக்கு மூன்று நான்கு ஆண்டுகள் கையில் இருப்பவர் முதல் ஆறு மாதத்தைத் தாராளமாக வாசிப்புக்குக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அன்றைய கேள்வியை எழுதித் தேதி போடும் பழக்கம் இல்லாவிட்டால் என் பதினொரு மாதம்தான் அவருக்கும். மனிதர்மேல் மருந்தோ கருவியோ சோதிக்கப் போகிறவருக்கு இந்த விவாதமே இல்லை: முழுதாகப் படித்து முடிக்காமல் கேள்வியைத் தொடக்கூடாது.

மிச்சம் இருப்பவர்கள் வேலையில் இருந்துகொண்டே ஆய்வுக்கு வருபவர்கள்: செவிலியர், ஆசிரியர், பொறியாளர். இவர்களிடம் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. இந்த வார்டில் மட்டும் ஏன் நோயாளிகள் அடிக்கடி கீழே விழுகிறார்கள்? இந்த வகுப்பு மட்டும் பின்னங்களில் ஏன் தடுமாறுகிறது? அதை முன்னாய்வுகளின் மொழியில் சொல்லத் தெரியாததால், தங்கள் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டுரைகளில் இருந்து ஒரு கேள்வியை இரவல் வாங்குகிறார்கள். வாரன் செய்தது நேர்மாறானது. கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டார், பழைய கட்டுரையில் எந்தச் சாயம் பயன்பட்டது என்பதே அங்கே கேட்க வேண்டியிருந்த கேள்வி. நீங்களும் உங்கள் வார்டையும் வகுப்பையும் கையில் பிடித்துக்கொண்டே கட்டுரைகளைத் திறவுங்கள். முடிவுரையை விட்டுவிட்டுச் செய்முறைப் பகுதியில் இருந்து தொடங்குங்கள்.